வலையில் தொங்கிய தையல் மிஷின்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஏதாவது ஒரு காலை வேளையில், டெலானிபூர் மேட்டிலிருந்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு இறங்கும் சாலையில் நீங்கள் நின்றிருந்தால் எங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு முன்னால் என் வீட்டுக்காரர். அவருக்கு முன்னால், பெட்ரோல் டாங்கின் மேல், இடுப்புக்கு மேலே ஆள் இல்லாத ஒரு காக்கிப் பேண்ட் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும். அவருக்குப் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு நான். எனக்கும் பின்னால், வளைத்த குழாயிலிருந்து ஒரு வலை தொங்கும். வலைக்குள் என் தையல் மிஷின் இருக்கும்.

சிரித்தவர்கள் நிறையப் பேர். சிரிக்கட்டும். அந்த வண்டியில் வண்டியைத் தவிர மீதி எல்லாம் என் யோசனை, என் தையல், என் முடிச்சு. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அடக்கம் என் அம்மா வீட்டிலேயே யாருக்கும் வந்ததில்லை.

நாங்கள் இருவரும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அவர் முன்பே அந்தமானுக்கு வந்து, ஜெட்டியை ஒட்டிய கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். மாதா கோயிலில் தாலி கட்டிய மறு மாதமே என்னைக் கப்பலேற்றிவிட்டார். டெலானிபூரில் ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாகக் குவார்ட்டர்ஸ். நான் கொண்டுவந்த சீதனத்தில் உருப்படியானது ஒன்றுதான்: கையால் சுற்றுகிற தையல் மிஷின். கப்பலில் எல்லாரையும் போல நானும் வாந்தி எடுத்தேன். ஆனால் எடுக்கும்போதும் ஒரு கை மிஷின் பெட்டியின் மேல்தான் இருந்தது.

மோட்டார் சைக்கிள்தான் அவருக்குச் சீதனம் என்று நான் சொல்வேன். மாற்றலாகி மெயின்லேண்ட் போன ஓர் அதிகாரியிடம் பழைய வண்டியாக வாங்கியது. பட்டறை நண்பர்களை வைத்துக் கழற்றி மாட்டி அதற்கு உயிர் கொடுத்திருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். டாங்கைத் துடைக்க அவர் தனியாக வைத்திருந்த துணி, என் தலையணை உறையைவிட வெள்ளையாக இருக்கும். யாராவது டாங்கில் கை வைத்தால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

அவர் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்குப் பேச ஆள் கிடையாது. ஒரு பக்கத்து வீட்டில் வங்காளம், மறு பக்கத்து வீட்டில் மலையாளம். எனக்கு அப்போது ஹிந்தி நாலு வார்த்தை. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விட்டால் என்ன என்று யோசித்தபடி பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தையல் கொட்டகையைப் பற்றி அவர் சொன்னார். கப்பல் ஆட்களுக்கு வெள்ளைச் சீருடை தைக்கிற இடம். கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தெலுங்குக்காரர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். எல்லாரிடமும் ஹிந்தியில்தான் பேசுவார். நான் ஒரு சட்டைக் காலரைத் தைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் கிடந்த ஒரு மேஜையைக் காட்டினார். அதுவரை அந்தக் கொட்டகையில் பெண் கிடையாது.

நிபந்தனை ஒன்று வைத்தார். மிஷின் என்னுடையதாக இருக்க வேண்டும். தினமும் வேலை தொடங்கும்போது அது மேஜை மேல் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். "மெஷின் டீக் நஹீ, தோ சீட் நஹீ," என்றார். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தைக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. மிஷின் சரியில்லை என்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

வேறு ஆள் ஒருத்தி தயாராகவே இருந்தாள். என் வயதுதான். சொந்தமாகப் புது மிஷின் வைத்திருந்தாள். நூல் கேட்கிற சாக்கில் அடிக்கடி கொட்டகை வாசலில் வந்து நின்று என் மேஜையைப் பார்ப்பாள். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். இப்போது யோசித்தால் பாவம், அவள் வீட்டிலும் தகரக் கூரைதானே இருந்திருக்கும்.

மிஷினைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். கொட்டகைக் கூரை ஒழுகும். நாலு அடி தள்ளிக் கடல். உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் இரும்பு சிவந்துவிடும். ஆண்கள் தங்கள் மிஷின்களை எண்ணெயில் குளிப்பாட்டி வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் முதல் ஒரு மணி நேரம் கந்தல் துணியில் ஓட்டி எண்ணெயை எடுப்பார்கள். எனக்கு வீட்டில் சாயங்காலத் தையலும் இருந்தது. அதற்கெல்லாம் மேல், என் மிஷினை இன்னொரு ஆள் தொடுவது எனக்குப் பிடிக்காது. ஆக, மிஷின் என்னோடு போய் என்னோடு வர வேண்டும். அதாவது அவருடைய மோட்டார் சைக்கிளில்.

"ஏட்டி, வண்டி ஆளுக்குத்தான். மூட்டைக்கு இல்ல," என்றார்.

"அப்போ நான் ஆளு. எனக்கு ரெண்டு கையி மட்டும் போதாது. மூணாவது கையத்தான் கொண்டு வாரேன்," என்றேன்.

மிஷின் கதைக்கு வருவதற்கு முன் சின்னச் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். அவற்றால்தான் நாங்கள் முதலில் சண்டை போடப் பழகினோம்.

முதலில் வந்தது குடை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது. குடை இல்லாமல் இறங்கி நடக்கவும் முடியாது. ஒரு கை நீளத்துக்கு மூங்கிலை வெட்டி, உள்ளே கணுக்களைக் குத்தி எடுத்து, முன்பக்கக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். குடை அதற்குள் கத்தி உறைக்குள் இறங்குகிற மாதிரி இறங்கும். அடியில் ஒரு துளை போட்டதால் தண்ணீரும் வடிந்துவிடும். அடுத்தது மாற்றுச் சேலை. நனைந்த சேலையோடு வெள்ளைத் துணியில் உட்கார மாஸ்டர் விடமாட்டார். பிஸ்கட் டின்னில் சேலையை மடித்து வைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றி டியூப் ரப்பரை வளையமாக வெட்டி மாட்டினேன். என்ன மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

மீனில்தான் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஜெட்டியில் மீன் வாங்கி, ஓலைக் கூடையில் போட்டு, இடம் இருந்த பக்கமாகத் தொங்கவிட்டேன். அடியில் சைலன்சர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மீன் தண்ணீர் சூட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்து பொரிய, வாசனை எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. மேட்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் எட்டிப் பார்த்தது. "இன்னைக்கு உங்க வீட்டுல சூரையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிச் சைலன்சரைக் கழுவினார். என்னோடு பேசவில்லை. மீனை மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகு அந்தக் காக்கிப் பேண்ட். மெயின்லேண்ட் கப்பல் வருகிற நாளில் போர்ட் பிளேரே ஜெட்டியில்தான் நிற்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஊரிலிருந்து யாராவது கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் என்று ஆளுக்கு ஒரு சுமை இருக்கும். பையை ஒரு பக்கம் மாட்டினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து இழுக்கும். அவருடைய பழைய பட்டறைப் பேண்ட் ஒன்றை எடுத்தேன். இரண்டு கால் நுனியையும் மடித்து இரட்டைத் தையல் போட்டு அடைத்தேன். இடுப்பில் நாடா கோத்தேன். ஒரு காலில் அரிசி, மற்றக் காலில் வெங்காயம். டாங்கின் மேல் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும், கவட்டுத் தையல் டாங்க் மூடிக்கு முன்னால் போய்ப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஒரு காலில் டிபன் கேரியரை இறக்கி, சுற்றிலும் துணியைத் திணித்துவிடுவேன். மேட்டிலிருந்து கீழே போய்ச் சேரும்வரை குழம்பு அசையாது.

அதைப் பார்த்த அன்று அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டாங்கில் கை வைத்தாலே பிடிக்காதவருடைய டாங்கில் அவருடைய பேண்டையே ஏற்றிவிட்டேன்.

"ஏட்டி, பார்க்கிறவன் என்ன நெனப்பான்? என் மடியில இன்னொருத்தன் உக்காந்து வாரான்னு நெனப்பான்."

"நெனச்சா நெனச்சிட்டுப் போறான். நீங்க சோறு திங்குதியளா, பெட்ரோல் குடிக்கியளா? அரிசி வேணும்னா அவனையும் ஏத்திட்டுத்தான் வரணும்."

அவர் சிரித்துவிட்டார். உறையாகத் துணி இருப்பதால் டாங்கில் கீறல் விழாது என்பதையும் இரண்டு நாள் கழித்து அவரே கண்டுபிடித்து என்னிடம் சொன்னார், ஏதோ அவர் யோசித்தது போல.

இனி மிஷின். கேரியரில் அதை எப்படி வைப்பது என்பதை மட்டும் தானேதான் தீர்மானிப்பதாக அவர் பிடிவாதமாகச் சொன்னார். கப்பல் பட்டறை ஆளுக்கு ஒரு வேதம் உண்டு. எது இருந்தாலும் அதை முறுக்கி இறுக்க வேண்டும்.

"கப்பல்ல ஆடுத சாமான் ஆளக் கொன்னுரும்ட்டி. போல்ட்டப் போட்டு முறுக்கிட்டா அது கப்பலோட கப்பலா நிக்கும்."

கேரியரில் ஒரு இரும்புத் தகடு வைத்தார். மிஷினின் அடிப்பலகையில் நாலு துளை போட்டு, நாலு போல்ட். ஸ்பேனரை வைத்து அவர் முறுக்கிய முறுக்கில் எனக்கே மூச்சு முட்டியது. வண்டியும் மிஷினும் ஒரே சாமான் ஆகிவிட்டன. அழகாகத்தான் இருந்தது. ஜெட்டியில் அவர் நண்பர்கள் வந்து தட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் சாலையை நீங்கள் பார்த்ததில்லை. ஏற்றம், இறக்கம், வளைவு, குழி. மழை பெய்தால் நேற்று இருந்த குழி இன்று இடம் மாறியிருக்கும். வண்டி எங்கே குலுங்கினாலும் மிஷினும் சேர்ந்து குலுங்கியது. கொஞ்ச நாளில் தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். ஒருநாள் காலை மூடியைத் திறந்தால், அடிப்பலகை ஒரு போல்டிலிருந்து அடுத்த போல்ட் வரைக்கும் நேராகப் பிளந்து கிடந்தது. மிஷின் ஒரு பக்கம் சரிந்து நின்றது.

அன்றைக்கு நான் தைத்த சட்டைகளை மாஸ்டர் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். தையல் பல் இளித்தது. அவற்றை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். வாசலில் அவள் நின்றிருந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிஷினைச் சரி செய்து கொண்டுவா, இன்னொரு தடவை இப்படி என்றால் இந்த மேஜை அவளுக்கு என்றார். இதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மிஷினைச் சரி செய்தது என் வீட்டுக்காரர்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பாய் விரித்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றி, நகர்ந்திருந்ததை எல்லாம் அதனதன் இடத்தில் நிறுத்தினார். படாக் மரத்தில் புது அடிப்பலகையும் செய்தார். அந்தக் கை அப்படி. ஆனால் எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து நாலு புது போல்ட்டை எடுத்தார். முன்னதைவிடப் பெரியவை.

"போன தடவை போல்ட் சின்னதாப் போச்சுட்டி," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. ஸ்பேனரைப் பிடுங்கி அடுப்படியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்க, நான் சும்மாடு கூட்டித் தலையில் வைத்து, மிஷினைப் பெட்டியோடு தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். ஊரில் மீன் கூடை சுமந்த தலைதானே. மேட்டிலிருந்து இறங்கி, வேறு குறுக்கு வழி இருந்தும் அதில் போகாமல், பட்டறை வாசல் வழியாகவே போனேன். அவர் ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் எனக்குப் பின்னாலேயே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். யாரோ ஹிந்தியில் ஏதோ கேட்டார்கள். அவர் டாங்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலமும் அப்படியே ஏறினேன். கழுத்து ஒடிந்துவிடும் போல இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அன்று மாலை அவர் வாசற்படியில் உட்கார்ந்து, "சரிட்டி. நீயே சொல்லு, எப்படிக் கெட்டணும்?" என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வலை. எங்கள் கடற்கரையில் பெண்பிள்ளைகள் ஜபமாலை உருட்டுவதற்கு முன்பே வலைக்கண் கட்டுவார்கள். வலையில் விழுந்த சாமான் எதன் மேலும் மோதாது. அலை அடித்தாலும் வலைதான் அடியை வாங்கும். மிஷின் கேரியரைத் தொடவே கூடாது, தொங்க வேண்டும் என்றேன். ஸ்லேட்டில் படம் போட்டுக் காட்டினேன். அவர் பட்டறையில் கழித்துப் போட்டிருந்த கைப்பிடிக் குழாயைக் கேட்டு வாங்கிவந்து, மாட்டு வண்டிக் கூண்டின் வளைவைப் போல வளைத்துக் கேரியரில் பற்றவைத்துக் கொடுத்தார். நைலான் நூலில் நான் வலை முடைந்தேன். மூங்கிலில் வலை ஊசியையும் நானே சீவிக்கொண்டேன். கிழிந்துபோன லைஃப் ஜாக்கெட்டிலிருந்து எடுத்த இலவம்பஞ்சை மெத்தை போலத் தைத்து, மிஷின் பெட்டிக்கு நாலு பக்கமும் அடியிலும் வைத்தேன்.

முதல் நாள் என் யோசனை என் முதுகிலேயே விழுந்தது. கடலில் வலை மெதுவாக ஆடும். மோட்டார் சைக்கிளில் அவர் பிரேக் போட்டதும் மிஷின் கோயில் மணி மாதிரி வந்து என் முதுகெலும்பில் ஒரு குத்து விட்டது. கீழே போய்ச் சேருவதற்குள் எத்தனை பிரேக்கோ அத்தனை குத்து. அவர் தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்து அந்தத் தோளில் நானும் ஒரு குத்து விட்டேன்.

அன்றைக்கே பழைய டியூபைப் பட்டை பட்டையாக வெட்டினேன். வலையின் நாலு மூலையிலிருந்தும் குழாயின் நாலு மூலைக்கு இழுத்துக் கட்டினேன். ஆடப் பார்த்தால் ரப்பர் இழுத்துப் பிடிக்கும். இறுக்கிப் பிடிக்காது, கொஞ்சம் விட்டுத்தான் பிடிக்கும். எவ்வளவு விடலாம் என்பதைக் கை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்து, பட்டைகளை மாற்றி மாற்றிக் கட்டி ஒரு வாரத்தில் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு குழியில் வண்டி விழும்போது எனக்குப் பல் கடகடக்கும். பின்னால் மிஷின் தூளியில் பிள்ளை கிடப்பது போலக் கிடக்கும். அந்த நாட்களில் நான் வண்டியில் உட்கார்ந்து போன பெருமையைக் கப்பல் கேப்டன் கூடப் பட்டிருக்க மாட்டார்.

தையல் நேராக விழுந்தது. மாஸ்டர் இழுத்துப் பார்ப்பதை நிறுத்தினார். ஆனால் ஒரு முள் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. ஜெட்டியில் வண்டியை நிறுத்தினால் யாராவது வந்து வலையைத் தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்று கேட்பார்கள். "அப்னா வொர்க்ஷாப் கா மால்," என்பார் என் வீட்டுக்காரர். நம்ம பட்டறைச் சரக்கு. நான் பக்கத்தில் நிற்கும்போதே அப்படிச் சொல்வார். பொய்யென்றும் சொல்ல முடியாது, குழாய் பட்டறையுடையதுதான். வீட்டில் வந்து கேட்டால், "ஆம்பளைங்க கேக்காங்க, அவங்கள்ட்ட என்னத்தட்டி சொல்ல," என்பார். நான் அன்றைக்குக் குழம்பில் புளியைக் கூட்டிப் போடுவேன்.

அப்படியிருக்கும்போது பெருமழைக் காலத்தில் ஒரு நாள் வந்தது. மாலையில் புறப்படும் கப்பல் ஒன்றின் ஆட்களுக்கு வெள்ளைச் சட்டைகள் முடிய வேண்டும். எல்லா மேஜையும் ஓட வேண்டும், யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன் என்று மாஸ்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலை மரத்தடிகள் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் போயிருக்கிறது. ஜெட்டிக்குத் திரும்பும் வளைவில் ஈரமான மரப்பட்டைகள் சாலையெங்கும் கிடந்தன. அவர் வேகமாகப் போகவில்லை. முன் சக்கரம் பட்டையில் ஏறியது, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய் விழுந்தது. நான் இடது பக்கம் கால் போட்டிருந்ததால் பின்னால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். காக்கிப் பேண்டிலிருந்த டிபன் கேரியர் திறந்து மீன்குழம்பு மழையோடு ஓடியது. டாங்க் நசுங்கி ஒரு பெரிய சொட்டை.

அவர் எழுந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. அவர் டாங்கைத்தான் முதலில் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். நொண்டிக்கொண்டே டாங்கைத் தாண்டிப் போய், பின்னால் வலைக்குள் இரண்டு கையையும் விட்டார்.

"ஓடுமாட்டி?" என்றார்.

"மேசையில வச்சாத்தான் தெரியும். வண்டியத் தூக்குங்க," என்றேன். வண்டி விழுந்த பக்கத்துக் குழாய் வளைந்திருந்தது. ஒரு டியூப் பட்டை அறுந்திருந்தது. பெட்டி வலைக்குள்தான் இருந்தது. ஆனால் உள்ளே என்ன ஆகியிருக்கிறதோ. நகர்ந்துபோன உறுப்பை அவர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி செய்ததுதான் எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

கொட்டகைக்குப் போனபோது மற்ற மேஜைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. என் மேஜைக்குப் பக்கத்தில் மாஸ்டர் நின்றிருந்தார். வாசலுக்கு உள்ளே, அவள். அவள் மிஷின் ஒரு கைவண்டியில் வந்து வாசலில் இறங்கியிருந்தது. எங்கள் சேற்றையும் ரத்தத்தையும் பார்த்த மாஸ்டர், "கிர் கயா?" என்று கேட்டார். விழுந்துவிட்டதா என்று. விழுந்த மிஷினை வெள்ளைத் துணியில் வைக்க முடியாது, இன்றைக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். இன்றைக்கு வேண்டாம் என்றால் இனி வேண்டாம்தான்.

பிஸ்கட் டின்னைத் திறந்து மாற்றுச் சேலையை எடுத்து, மறைவில் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். கையை முழங்கை வரை கழுவினேன். பெட்டியை மேஜையில் வைத்து மூடியை எடுத்தேன். வெளியே சேறு, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. நூலைக் கோக்கப் போனால் முதல் தடவை நூல் ஊசிக்குள் போகவில்லை. நாக்கில் நனைத்துக் கோத்தேன். கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். எனக்கிருந்த வீம்பில், கப்பல் சட்டையின் கையையே எடுத்து ஊசிக்கு அடியில் வைத்துச் சுற்றினேன்.

ஓடியது. கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் ஓடியது. நூலை வெட்டி மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கட்டைவிரலாலும் தையலைப் பிடித்து இழுத்தார். திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு அதை மடித்து, முடிந்த துணிகளின் மேல் வைத்தார். சட்டையின் மற்றக் கையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

வாசலில் நின்றவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்புறம் கைவண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

மாஸ்டர் நேராக வெளியே போய், எங்கள் வண்டிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். வளைந்த குழாயைத் தொட்டார், வலையை இழுத்தார், ரப்பரை அழுத்தினார். பின்னாலேயே இரண்டு மூன்று தையற்காரர்களும் போய்விட்டார்கள். ஜெட்டியில் நின்ற ஆட்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். என் மேஜை ஜன்னலோரம். எல்லாம் கேட்டது.

"கிஸ்னே பனாயா?" என்றார் மாஸ்டர். யார் செய்தது?

இதற்கான பதில் என் வீட்டுக்காரருக்கு மனப்பாடம். நான் மிஷினைச் சுற்றுவதை நிறுத்தினேன். அவர் ரத்தம் வடிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மேரி பீவி நே," என்றார். என் பெண்சாதி.

பிறகு, கேட்காமலே, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஹிந்தியில் சொன்னார். நான் போல்ட் போட்டேன், உடைந்தது. இவள் வலை கட்டினாள், விழுந்தும் உடையவில்லை. ஆறு வார்த்தை தமிழில் என்னிடம் சொல்லியிருந்தால் போதும். அவருக்கு அது தமிழில் வரவில்லை, ஹிந்தியில்தான் வந்தது. எனக்கு அந்த ஹிந்தி ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன், மடியில் கிடந்ததோ வெள்ளைத் துணி. சட்டையின் மற்றக் கையை ஊசிக்கு அடியில் நேராக்கி, மறுபடியும் சுற்ற ஆரம்பித்தேன்.